வருஷா வருஷம் விலை கேட்டவர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு குடையின் கீழே ரீசார்ஜ் கார்டு விற்றேன். இன்று அதே தெருவில் மூன்று மாடியில் செல்போன் கடை, வேங்கிக்காலில் ஒரு கிளை. எனக்குக் கடன் தர முடியாது என்று சொன்ன பேங்க் மேனேஜரே பிறகு என்னிடம்தான் போன் வாங்கினார்.

இவ்வளவு கட்டிய என்னை அசைத்துப் பார்த்தவர் கீழ்பென்னாத்தூர் வேன் டிரைவர் ஒருவர். காதோரம் நரை, சாயம் போன காக்கிச் சட்டை. விலை உயர்ந்த போன் புதிதாக வரும்போதெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து விலை கேட்பார். வாங்க மாட்டார்.

போன வருஷமும் ஒரு புதுப் போனுக்கு விலை கேட்க வந்தார். பக்கத்தில் ஒரு இளம் தம்பதி அதே போனை வாங்கக் கார்டை எடுத்துவிட்டார்கள்.

“என்னங்க மொதலாளி, மறுபடியும் வெலைய ஏத்திட்டாங்களா?” என்றார் டிரைவர்.

“சும்மா ஏத்துவாங்களா? கேமரா புதுசுங்க. படம் அவ்ளோ தெளிவா விழும்.”

“போன வருஷமும் இதையேதான சொன்னீங்க?” தன் பழைய போனில் மனைவியின் படத்தைக் காட்டினார். “இதுலயே மூக்கு மேல இருக்கிற பரு தெரியுதுன்னு திட்டறா. இன்னும் தெளிவா எடுத்தா எனக்குச் சோறு கெடைக்காதுங்க.”

தம்பதி சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “நம்ம போனே நல்லாதான இருக்கு, வாங்க போலாம்” என்றாள் கணவனிடம். அந்த மாதத்தின் பெரிய வியாபாரம் படியிறங்கிப் போனது.

வாங்காதவர் எதற்கு வருஷா வருஷம் வருகிறார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கதையைக் கேட்டவர்கள் எல்லாம் அவரைக் கெட்டிக்காரர் என்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தப் பழைய போனை விற்றவனும், இரண்டு முறை பேட்டரி மாற்றி அதை ஓட வைத்தவனும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.