பின்னால் உட்கார்ந்திருந்தவன்

பணம் என்றால் பிணமும் வாய் திறக்குமாம். எங்கள் ஆரணிக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படம் என்றாலே போதும். நன்னெறி வகுப்பில் புத்தகத்தைப் பிரித்தால் கொட்டாவி விடுகிறவர்கள், திரையை இறக்கியதும் முன்பெஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள். அதனால் பொறுப்பைப் பற்றிப் பேச நான் படங்களைத்தான் நம்பியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை போட்ட படத்தில் ஒருவன் காரில் ஒரு கிழவரை இடித்துவிட்டு ஓடிவிடுகிறான். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் தள்ளிப்போடுகிறான். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்களாம். கையைத் தூக்காதவன் கடைசி பெஞ்சில் இருந்த, முள்ளிப்பட்டிலிருந்து வரும் பையன் மட்டும்தான். தூங்குகிறான் என்று நினைத்து ஒரு அதட்டல் போட்டேன். அதோடு மணி அடித்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு அவன் என் மேசைக்கு வந்தான். உதடு வறண்டிருந்தது.

"மேடம், போன வாரம் களம்பூர் ரோட்ல சைக்கிள்ல வந்தவர இடிச்சிட்டு நிக்காம வந்துட்டோம். பைக் ஓட்டினது நான் இல்லீங்க. நான் பின்னாடி குந்திகினு இருந்தேன். அவரு வேலூர்ல ஆஸ்பத்திரில கண்ணு தொறக்காம கெடக்குறாரு. இடிச்சது யாருன்னு அவங்க வீட்ல தேடிகினு கீறாங்க."

ஓட்டியவன், இவன் அப்பாவின் தறிக்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளியின் மகன். இவன் வாயைத் திறந்தால் மறுநாளே வீட்டில் தறி நின்றுவிடும்.

"ஸ்டேஷன்ல போயி சொல்லிடலாம்னு கீறேன். தனியா போக பயமா கீது. நீங்க கூட வர்றீங்களா மேடம்?"

அந்த முதலாளி எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருப்பவர். நானோ ஆண்டுக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பித்துக்கொள்ளும் தற்காலிக விரிவுரையாளர். வேலை போய்விடும் என்ற பயம் முதலில் வந்தது. அவருடைய ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயம் அடுத்து வந்தது. இந்தப் பையன் ஏன் என்னிடம் வந்து தொலைத்தான் என்று கோபம்கூட வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

"மொதல்ல அப்பா கிட்ட பேசுப்பா. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான். நான் நிறுத்திய இடத்திலேயே படம் நின்றுகொண்டிருந்தது.

"அந்த ஆளும் நாளைக்குன்னுதானே மேடம் சொன்னாரு."

திரையை அணைத்துவிட்டு, "வா, ஸ்டேஷனுக்கே போகலாம்" என்று அவனை ஸ்கூட்டியிடம் கூட்டிப்போனேன். வண்டியைக் கிளப்பினேன். சைக்கிள்காரரை இடித்த நாளிலிருந்து அவன் பைக்கில் ஏறாமல் பஸ்ஸில்தான் கல்லூரிக்கு வருகிறானாம். தயங்கித் தயங்கிப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். பஜார் நெரிசலில் என் கண்ணுக்கு முதலாளியின் முகம்தான் தெரிந்துகொண்டிருந்தது, ரோடு தெரியவில்லை.

எதிரே சைக்கிளில் ஒருவர் வந்தார். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"மெதுவா போங்க மேடம்," என்றான். "மெதுவா."