நான் விற்ற வெயில்

பக்கத்து வளவுக்காரியோடு எனக்குச் சண்டை வந்தது கூரையில் சோலர் பூட்டிய பிறகுதான். அதற்கு முன்பு வேலிக்கு மேலால் முருங்கைக்காய் கைமாறும், அவ்வளவுதான். நல்ல உறவும் இல்லை, பகையும் இல்லை.

வட்டக்கச்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தகடுகள் பகலில் எடுக்கும் மின்சாரத்தில் வீட்டுத் தேவை போக மிச்சம் வீதிக் கம்பிக்குப் போகும். போன அளவுக்கு மின்சாரக் கந்தோர் மாதம் மாதம் என் கணக்கில் காசு போடும். எனக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது. தகடு வாங்குவதற்கு என் தாலிக்கொடியை வங்கியில் அடைவு வைத்திருந்தேன். என் மனுசன் போன பிறகு அதைக் கழுத்தில் போடுவதில்லை. ஆனால் போரில் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு, அதை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு ஓடியவள் நான். வங்கி ஏலத்தில் யாரோ அதை எடுத்து உருக்குவதை நினைத்தாலே வயிறு எரியும். அதனால் பகலில் ஒரு காற்றாடிகூடப் போட மாட்டேன். பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு, வியர்த்து வடிந்துகொண்டு, எல்லாவற்றையும் கம்பிக்கு அனுப்பினேன்.

அதற்குக் குறுக்கே அவளுடைய வேம்பு நின்றது. மத்தியானம் திரும்பியதும் நிழல் என் கூரையில் ஏறிவிடும். ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலும் மற்றவையும் சேர்ந்து சோர்ந்துவிடும் என்று பூட்ட வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வந்த காசு வட்டிக்கே சரியாகப் போனது. முதல் அப்படியே கிடந்தது.

ஒருநாள் வேலியடியில் நின்று கூப்பிட்டேன்.

"உம்மட வேம்பு என்ர சோலரை மறைக்குது. உச்சியைத் தறிச்சு விடும். கூலி நான் தாறன்."

அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவள் பேச்சில் இன்னும் அந்த இழுவை இருக்கிறது.

"அக்கா, நீங்க வெயில வித்து காசு பாக்குறீங்க. எனக்கு விக்க ஒண்ணுமில்ல. அந்த நெழல்தான் இருக்கு."

"நிழலால சோறு வருமே?"

"ஓட்டு வீட்டுல இருக்கிறவங்களுக்கு தகரத்தப் பத்தித் தெரியாது. ஒருநா மத்தியானம் வந்து படுத்துப் பாருங்க."

அவள் வீடு கூரைத்தகரம் போட்ட ஒற்றை அறை. வேம்பு அதற்குக் குடை பிடித்தது போல நின்றது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. அவளுடைய சனத்தைச் சொல்ல எங்கள் சனம் வைத்திருக்கும் சொல். அவள் முகம் கறுத்துப் போனது. திரும்பி நடந்தாள்.

வீதிக் கம்பியில் முட்டும் கொப்புகளை வெட்ட ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்க் கதைத்து, அந்த வேம்பையும் சேர்த்துத் தறிக்க ஒழுங்கு செய்தேன். கத்தியோடு வந்தவர் மரத்தடிக்குப் போனார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அன்ரி, அதில சூலம் நட்டிருக்கு. வைரவர். நான் கை வைக்கமாட்டன்."

"நேற்று வரைக்கும் அங்க கோழி கிளறிக்கொண்டு நிண்டது! எந்த வைரவர்?"

"எப்ப வந்தாலும் வைரவர் வைரவர்தானே."

எட்டிப் பார்த்தேன். கல்லொன்று, பக்கத்தில் இரும்புச் சூலம், திருநீறு, செவ்வரத்தம்பூ, எரியும் கற்பூரம். என்ன கெட்டித்தனம்! அவளுடைய ஆட்கள் கும்பிடுவது முனியாண்டியை. முனியாண்டியை வைத்திருந்தால் எங்கள் ஆட்களில் ஒருவனாவது துணிந்து வெட்டியிருப்பான். வைரவர் என்றால் எங்களுக்கு நடுங்கும் என்பதைப் பார்த்துத்தான் நட்டிருக்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. எனக்கும் நடுங்கியது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு கிழமையாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போகிறவர்களும் வருகிறவர்களும் அங்கே நின்று கும்பிடத் தொடங்கினார்கள். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் உண்டியல் எங்கே என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கோயில் ஐயரைக் கூட்டிக்கொண்டு அவள் படலைக்குப் போனேன்.

"நீர் வைச்ச வைரவர்தானே. அவரிட்டையே கேப்பம். பூக்கட்டிப் பாப்பம். சிவப்பு வந்தா உம்மட மரத்தில ஒரு இலைகூட நான் தொடமாட்டன். வெள்ளை வந்தா உச்சி இறங்கும்."

அயல் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அது வெறும் கல் என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். சூலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாருங்க," என்றாள்.

செவ்வரத்தம்பூவை ஒரு வெற்றிலையிலும் நந்தியாவட்டையை இன்னொன்றிலும் ஐயர் சுற்றிக் கட்டினார். குலுக்கிக் கல்லின் முன்னால் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த நாளே உச்சி இறங்கியது. எனக்கு நீதி சொன்ன வைரவருக்கு என் செலவில் உழுந்து வடை சுட்டு மாலை கட்டினேன். நானே கொண்டுபோய், அவள் பார்த்திருக்கச் சூலத்தில் போட்டேன். வடை ஒன்றை அவளிடமும் நீட்டினேன். வாங்கவில்லை. அந்த மாதம் கணக்கில் முழுக் காசு விழுந்தது. வங்கிக் கடனின் முதலில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, சந்தோசத்தில் பஸ்ஸில் பக்கத்திலிருந்தவளோடு தேவையில்லாமல் கதைத்துக்கொண்டு வந்தேன்.

பங்குனி வெயில் தொடங்கியது. ஒரு மத்தியானம் படலை திறக்கும் சத்தம் கேட்டது. பார்த்தால் அவள். கையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, மடியில் சின்ன வெங்காயம். என் விறாந்தையில் கதிரையை வைத்து இருந்தாள். முகம் நெருப்பாய்ச் சிவந்து, சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. மூச்சு வாங்கியது.

"என்ன வேணும்?"

"நெழல்."

"என்ர வீட்டிலயோ?"

"என் வீட்டுல இருந்தத வெட்டிட்டீங்களே. வைரவரு உத்தரவுன்னு சும்மா இருந்தேன். அவரு நெழல் இல்லாம இருன்னு சொல்லலியே."

எழும்பிப் போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் உள்ளேதான் போனேன். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் டொக்கென்று வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். நன்றி சொல்லவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, நான் பகலில் ஒருநாளும் போடாத காற்றாடியைப் பார்த்தாள்.

"அத போடுங்கக்கா."

"அது ஓடினா எனக்குக் காசு குறையும்."

"தெரியும்," என்றாள், வெங்காயத்தை உரித்துக்கொண்டே.

இன்றைக்கும் எனக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. மத்தியானம் ஆனதும் கதிரையோடு வருகிறாள், வெயில் தணிந்ததும் போகிறாள், இடையில் நாங்கள் ஒரு வார்த்தை கதைப்பதில்லை. தாலிக்கொடி வீட்டுக்கு வர நான் நினைத்ததைவிட நாள் எடுக்கும். படலைச் சத்தம் கேட்டதும் நான்தான் எழும்பிப் போய்ச் சுவிச்சைப் போடுகிறேன்.