தொட்டியிடம் சொல்லும் விலை

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் அவர் விலை சொல்வார். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பார்; இவரோ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டிதான் பணம் தரப்போகிறது என்பதுபோல அதனிடம் தொகையை ஒப்பிப்பார். பேரம் பேசினாலும் பதில் தொட்டிக்குத்தான். மொட்டை மாடிகளில் சோலார் தகடு பொருத்துவது இவர் தொழில். கூட வேலை செய்யும் இருவரும் வைத்த பெயர் ‘தொட்டி அண்ணன்’.

விலை சொல்வதற்கு முன் ஒரு பகல் முழுக்க அந்த மாடியில் குடியிருப்பார். சாப்பாட்டு டப்பாவோடு ஏறி, காலை, நண்பகல், நாலு மணி என்று மூன்று வேளையும் தொட்டியின் நிழல் விழும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போடுவார். தகடுகளைத் தூக்கி வரவேண்டிய படிகளை எண்ணுவார். பக்கத்து வீட்டு மரம் வருஷத்துக்கு எவ்வளவு வளரும் என்று அந்த வீட்டுக் கதவைத் தட்டியே கேட்பார். துப்பறிய வந்த போலீஸ்காரர்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்.

பிறகு பாக்கெட் நோட்டை எடுப்பார். தகடு, இரும்புச் சட்டம், ஒயர், ஆட்கள் கூலி, தன் கூலி, அதற்குக் கீழே தனியாக லாபம். “கூலி வேற, லாபம் வேற அக்கா. கூலி நான் சாப்பிடுறதுக்கு. லாபம் கடை சாப்பிடுறதுக்கு” என்பார் என்னிடம்.

ஆரம்பத்தில் இப்படி இல்லையாம். “முகத்தைப் பார்த்தா வாய் தானா விலையைக் குறைச்சிடும்.” ஒரு கோடையில் பதினோரு மாடிகளில் வேலை செய்து, கடைசியில் அந்த இருவருக்கும் சம்பளம் தர முடியாமல் கையைச் சுட்டுக்கொண்டார். முகம் பார்த்துக் குறைத்தது போக, தன் கூலியை எழுதவே மறந்திருந்தார். “ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிறீங்க, நம்ம வீட்டு பில்லு கட்டலை” என்று மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். முகத்தைப் பார்க்காமல் சொல்லச் சொன்னதும் அந்த அம்மாள்தான்.

எங்கள் வீட்டுக்கு எழுதித் தந்த தாளில் கடைசி வரி என்னை உறுத்தியது: ‘மறுபடி ஏறும் கூலி’. ஒழுங்காகப் போட்டால் மறுபடி ஏன் ஏறவேண்டும் என்று மடக்கினேன். “நான் ஒழுங்காத்தான் போடுவேன். காத்தும் காக்காவும் என் பேச்சைக் கேக்குமா?” என்று தொட்டியிடம் சொன்னார். வேறு வழியில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். என் கணவர் மூச்சுக் கருவியோடு இருப்பவர். மின்சாரம் போவது எங்களுக்கு விளையாட்டுக் காரியம் இல்லை.

மூன்றாம் மாதம் புயல் வந்தது. மறுநாள் காலை தெருவிலேயே மின்சாரம் இல்லை. தகடுகளிலிருந்தும் எதுவும் வரவில்லை. பேட்டரியில் இரண்டு மணி நேரத்துக்குத்தான் இருப்பு. போன் செய்தேன். அரை மணி நேரத்தில் மழைக்கோட்டும் கயிறுமாக வந்து, மழை விட்ட கையோடு ஏறினார். காற்று பிடுங்கிப்போட்டிருந்த ஒயர் இணைப்பை மாற்றிவிட்டு இறங்கினார். பணத்தை நீட்டினேன். “இதுக்கு நீங்க அன்னைக்கே கொடுத்தாச்சே அக்கா” என்று, கணவரின் கட்டிலருகே போய்க் கருவியின் பச்சை விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் முணுமுணுத்த அந்தத் தொகைக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவரை நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் கும்பிடுகிறது.

அந்த நன்றியில்தான் தெருமுனைப் பிரசவ மருத்துவமனைக்கு அவரைச் சிபாரிசு செய்தேன். பெரிய வேலை. அடுத்து வருவது மழைக்காலம், மாடி வேலை படுத்துவிடும். இது கிடைத்தால் அந்த இருவருக்கும் மூன்று மாதச் சம்பளம் உறுதி. விலை சொல்லும் நாளில் நானும் அந்த மருத்துவமனை மாடிக்கு ஏறியிருந்தேன். வழக்கம்போல நிழலுக்குக் கோடு போட்டு, தாளை மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, தொட்டியைப் பார்த்து “ஏழு லட்சத்து நாப்பதாயிரம்” என்றார்.

டாக்டரம்மா ‘மறுபடி ஏறும் கூலி’ என்ற கடைசி வரியில் விரலை வைத்தார். “இது எதுக்கு? இதை மட்டும் அடிச்சிடுங்க. இன்னைக்கே முன்பணம் தர்றேன்” என்று பேனாவை நீட்டினார்.

இவர் கை பேனாவை வாங்கிவிட்டது. புயலுக்கு மறுநாள் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் கீழே எங்கோ ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. அவர் எதையும் அடிக்காமல் பேனாவை மூடினார். தொட்டியை விட்டுத் திரும்பி, டாக்டரம்மாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, அதே தொகையை இன்னொரு முறை சொன்னார்.