சில்லு போன ரெக்கார்டு

என் பேத்தி ஒரு கறுப்புச் சட்டை வாங்கிவந்தாள். மார்பில் ஒரு நங்கூரம். நங்கூரத்துக்கு நடுவில் முழித்துக்கொண்டிருக்கும் ஒற்றைக் கண். துவைக்கலாம் என்று அதை வாளியில் போடப்போனபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கண்ணை எனக்குத் தெரியும். ராயபுரத்தில் எங்கள் வீட்டு பீரோவுக்கு மேலே இருந்துகொண்டு நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்த கண் அது.

இது யாரு என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. "இது மெட்டல் பேண்டு ஆயா. உனக்குத் தெரியாது. மொத ரெண்டு ஆல்பம் சும்மா காட்டுக் கத்தல். மூணாவதுலதான் அவனுங்க ஆளாயிருக்கானுங்க. அதுல சிம்பல் அடிப்பான் பாரு, சும்மா கண்ணாடி ஒடையற மாரி இருக்கும்" என்றாள்.

எதிர்த்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எனக்குள்ளே எங்கள் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு எழுந்துவிட்டார். மூணாவது ரெக்கார்டை யாராவது நல்லது என்று சொன்னால் அவருக்கு ஆகாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் துரு தட்டுகிற வேலை. கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் தொட்டிகளில் இறங்கி, சுத்தியால் தட்டித் தட்டித் துருவை உதிர்க்க வேண்டும். சுற்றிலும் இரும்பு, உள்ளே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். சாயங்காலம் வரும்போது தலைமுடியெல்லாம் சிவப்புத் தூளாக இருக்கும். குளித்தாலும் கை மட்டும் ஓயாது. சோறு வரும்வரை தட்டில் தாளம், சாப்பிட்ட பிறகு சுவரில் தாளம், ஜெபம் சொல்லும்போது முட்டியில் தாளம். அம்மா அந்தக் கையைப் பிடித்து அழுத்தி வைத்துக்கொண்டு மிச்ச ஜெபத்தைச் சொல்வாள்.

முதல் ரெக்கார்டை அவருக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரன். கப்பல் கிளம்புகிற அன்றைக்கு, எதற்கென்று தெரியாமல் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டானாம். போட்டுக் கேட்கப் பெட்டி இல்லாததால் ரொம்ப நாள் மாமா அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பர்மா பஜாரில், மூடினால் சூட்கேஸ் மாதிரி இருக்கும் ஒரு ரெக்கார்டு பெட்டி வாங்கிவந்தார்.

ரெக்கார்டு அட்டையில் அந்த நங்கூரக் கண்ணுக்கு மேலே இருந்த பேர் முள்ளு முள்ளாக இருக்கும். எங்கள் வீட்டில் யாராலும் படிக்க முடியவில்லை. மாமா படிக்கவும் முயலவில்லை. முதல் பாட்டைக் கேட்டதுமே "டேய், இவனுங்க நம்ம பசங்கடா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர்களுக்கு அதுதான் பேர். எங்கள் அப்பா ரொம்ப நாள்வரை அவர்கள் காசிமேட்டுப் பையன்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "நம்ம பசங்கன்னா எந்தத் தெரு?" என்று ஒரு நாள் கேட்டும்விட்டார்.

"தெருவு தெரில மச்சான். ஆனா தொட்டிக்குள்ள எறங்கினவனுங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா.

அதில் அவருக்கு உயிர் எது என்றால், மேளக்காரன் பித்தளைத் தட்டில் ஓங்கி அடிப்பானே, அந்த அடிதான். அடித்த சத்தம் உடைந்து பொடிப்பொடியாகத் தெறிக்கும். அதற்கு மாமா வைத்த பேர் சில்லு. "இப்ப வரும் பாரு சில்லு" என்று விரலைத் தூக்குவார். சொன்ன இடத்தில் வரும். என் பின்கழுத்து கூசும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, அடுப்பில் கறி வேகிற நேரம் அந்தப் பாட்டுக்கானது. திங்கட்கிழமையே நான் அதற்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன். பாட்டு எனக்குப் புரிந்ததா என்றால் இல்லை. எனக்கு வேண்டியது அந்தச் சத்தம். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் என் 'உள்ளேன்' டீச்சருக்குக் கேட்காது. வராதவள் கணக்கில் எழுதிவிட்டு, பிறகு பார்த்து, பெஞ்சின் மேல் ஏற்றுவார். வீட்டில் அம்மா, "வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?" என்பாள். பெட்டி பாடும்போது மட்டும் நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் போட்டுக் கத்துவேன். "எங்க டீச்சரு ஒரு பன்னி!" யாருக்கும் கேட்காது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு வாய் இருந்தது.

மாமா என் குரலைப் பற்றி ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. நான் பேசினால் குனிந்து காதைக் கொடுப்பார். அவ்வளவுதான்.

ஞாயிறு தவறாமல் அவருடைய தோஸ்து ஒருவரும் வருவார். கப்பலில் வின்ச் ஓட்டிச் சரக்கு இறக்குகிறவர். பெரிய தொண்டை. மேல்தட்டில் நின்றபடி கப்பலின் அடியில் இருக்கிறவனைக் கூப்பிட்டால் அவன் அங்கிருந்து பதில் சொல்வான். அத்தனை சத்தத்திலும் வின்ச்சுக்காரர் கூப்பிட்டது தப்பாது என்று மாமாவே பெருமையாகச் சொல்வார். அந்தத் தொண்டையோடுதான் எங்கள் வீட்டில் நம்ம பசங்களைப் பற்றித் தர்க்கம் நடக்கும்.

கப்பல்காரர்கள் மூலமாக இரண்டாவது ரெக்கார்டு வந்தது. மாமாவுக்குப் பாதி திருப்தி. "நல்லாத்தான் கீது. ஆனா சில்லு கம்மி பண்ணிட்டானுங்க. காசு வந்துட்ச்சில்ல, தட்டு தேஞ்சிடும்னு பயந்து அடிக்கிறான்" என்றார். வின்ச்சுக்காரர் இல்லை என்றார். நானும் கட்டிலுக்கு அடியில் இல்லை என்றேன். எனக்குச் சில்லு அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது வந்தபோது வீடு இரண்டுபட்டது. அதில் ஒரு பாட்டு மாதா கோயில் ஆர்கன் மாதிரி மெதுவாக ஆரம்பிக்கும். மாமா எழுந்துவிட்டார். "இத்தக் கேக்கவா பூசையிலர்ந்து ஓடியாந்தேன்? வெறும் மேளத்து முட்டு. முட்டு முட்டுன்னு முட்டிக்கினே கீறானுங்க. சில்லு எங்கடா?"

"தோ வருதேடா! ஜிலுஜிலுன்னு கொட்டுது, இல்லேன்றியே" என்றார் வின்ச்சுக்காரர். பின்னாளில் நாலாவது வந்த பிறகு எது பிடிக்கும் என்று அவரைக் கேட்டிருந்தாலும் இந்த மூன்றாவதைத்தான் சொல்லியிருப்பார். "ஆளு வளந்தா பாட்டும் வளரும். ஒரே மாரி தட்டிக்கினே கெடக்க அவன் இன்னா துரு தட்ற கூலியா?"

மாமா பெட்டியின் சத்தத் திருகை இன்னும் திருகினார். அந்தத் திருகு ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தது. மேசையில் இருந்த பெட்டி பீரோ மேல் ஏறியது, அங்கிருந்து தரைக்கு இறங்கியது, ஜன்னல் பக்கம் போனது, திரும்ப வந்தது. புது ஊசி வாங்கினார். ஊசியைத் துடைத்தார். பாட்டு ஓடும்போது இரண்டு நிமிஷம் உட்கார மாட்டார். பெட்டியில் காதை வைப்பார், எழுந்து வாசலுக்குப் போவார், அங்கிருந்து கேட்டுவிட்டுத் திரும்பி ஓடிவருவார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னா பேஜாரு இது? கூர பேத்துக்கினு பூடும் போலகீதே!" என்று கத்தினாள். மாமா அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். திமிரைப் பார் என்று தெரு பேசியது.

அந்த நாட்களில்தான் மாமாவும் என்னைத் திட்ட ஆரம்பித்தார். "சத்தமாச் சொல்லேன், எலி மாரி பேசறியே." எல்லாரும் சொன்னதுதான். ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. என் குரல் முன்னைவிடச் சின்னதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, ஒரு நாள் கடற்கரைப் பாறைகளுக்குப் போய் அலையைப் பார்த்து 'உள்ளேன்' சொல்லிப் பார்த்தேன். அலை அடிக்கிற இடத்தில் எதுவும் தெரியவில்லை.

நாலாவது ரெக்கார்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் மாமா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இதுலயும் சில்லு இல்லன்னா, பெட்டி காயலான் கடைக்குத்தான். நம்ம பசங்க சவகாசமே வாணாம்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது? பெட்டி போனால் ஞாயிறு போயிற்று. ஞாயிறு போனால் என் வாய் போயிற்று. மாதாவிடம் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் தட்டை ஓங்கி அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நாலாவது வந்தது; அடித்திருந்தான். முதல் பாட்டிலேயே தெறித்தது. நான் கட்டிலுக்கு அடியிலிருந்து சந்தோஷமாக வெளியே வந்தேன். மாமா முகத்தைப் பார்த்தேன். விரலைத் தூக்கியபடி நின்றிருந்தார். விரல் காத்துக்கொண்டே இருந்தது.

"பார்த்தியாடா? செத்துட்டானுங்க" என்றார். "சில்லுன்னா இன்னான்னு நானு காட்றேன்" என்று நாலாவதை எடுத்துவிட்டு முதல் ரெக்கார்டைப் போட்டார். அதில் ஒவ்வொரு அடியும் அவருக்கு மனப்பாடம். "இப்ப வரும் பாரு" என்றார். வந்தது. என் பின்கழுத்து கூசியது. மாமா ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். திரும்பவும் வந்தது. திரும்பவும் பின்னால் வைத்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

"இதுலயும் இல்லையே. போன வாட்டிகூட இருந்திச்சே" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "உனக்குக் கேக்குதா?"

"கேக்குது மாமா."

"இன்னா?"

"கேக்குது."

"அட, வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. கட்டிலுக்கு அடியில் கத்துகிற குரல் அது. "கேக்குது மாமா! நல்லாக் கேக்குது!" அதே நொடியில் வின்ச்சுக்காரர் ஊசியைத் தூக்கியிருந்தார். வீடு நிசப்தமாக இருந்தது. என் குரல் தெருமுனை வரைக்கும் போயிற்று. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பா சிரித்தார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "நம்ம ஊமச்சியா?" என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்தம்பி எம்பொண்ணுக்கு வாயத் தொறந்துட்டான்" என்று அவள் சொன்னதை அந்தத் தெரு வெகு நாள் கேட்டது.

வின்ச்சுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில் அவர் பேரைச் சொன்னார். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர் இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் மாமாவின் காதுக்குப் பின்னால் ஒரு தடவை கைதட்டினார்; மாமா திரும்பவில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன்.

அவர் முன்னால் வந்து மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். முகத்துக்கு நேராக, ரொம்ப சத்தமாக, "புள்ள சும்மா சொல்து. நீ சொன்னதுதாண்டா கரெக்டு. சில்லு பூட்ச்சி" என்றார்.

இரண்டு ரெக்கார்டாக, சில்லு போகவில்லை என்று அடித்துப் பேசிய மனிதர். ஜெயித்த மாமாவாவது குதிக்க வேண்டாமா? அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கை தாளம் போடவில்லை. மாமாவின் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பெட்டியை மூடித் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "காயலான் கடை தொறந்திருப்பான்" என்று நடந்தார். வின்ச்சுக்காரர் தடுக்கவில்லை. நாலு ரெக்கார்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனார். அழுதுகொண்டே ஊசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் அவருக்குப் பின்னால் போனேன்.

துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டித் தண்டவாளத்தை எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படியே நடந்து தாண்டுவோம். அங்கே கேட்டும் கிடையாது, ஆளும் கிடையாது. வண்டி மெதுவாகத்தான் வரும், தூரத்திலிருந்தே ஊதிக்கொண்டு வரும். அன்றைக்கும் ஊதிக்கொண்டுதான் வந்தது. தோளில் இருந்த பெட்டி, மாமாவுக்கு வண்டி வரும் பக்கத்தை மறைத்திருந்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தண்டவாளத்தை நோக்கி நடந்தபடியே இருந்தார். இஞ்சின் மறுபடி ஊதியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். மாமா நடந்தார்.

வின்ச்சுக்காரர் கையில் இருந்ததையெல்லாம் அப்படியே ஜல்லிமேல் போட்டுவிட்டு ஓடினார். ஓடி மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் பெட்டியோடு விழுந்தார்கள். வண்டி பெட்டி பெட்டியாக அவர்களுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

எழுந்ததும் வின்ச்சுக்காரர் மாமாவின் கையைப் பிடித்தார். காயலான் கடைப் பக்கம் போகவில்லை, வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். சின்னப் பிள்ளைகள்போல அந்தக் கையை விடாமலே நடந்தார்கள். பெட்டியும் திரும்பி வந்தது. சண்டை தீர்ந்து இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே நிம்மதி.

ரெக்கார்டுகளை நான்தான் பொறுக்கினேன். மூன்றாவது ரெண்டாக உடைந்திருந்தது. வின்ச்சுக்காரருக்கு உயிரான ரெக்கார்டு. அதை அட்டைக்குள் சொருகிக்கொண்டு அவர்கள் பின்னால் நடக்க நடக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எவ்வளவு பெரிய தொண்டை அவருக்கு! ஒரு தடவை மாமாவைக் கூப்பிட்டிருந்தால் போதாதா? இதைப் போட்டு உடைத்துவிட்டு, எதற்கு அப்படி ஓடினார்?