பக்கத்து வீட்டுப் பிள்ளை

"சோம்பேறிப் பய! மழைக்குப் பயந்து மேட்டு வீட்டுக்கு ஏறவே இல்ல. கீழ நின்னே கேட்டு எழுதியிருக்கான்" என்று கணினித் திரையைத் திட்டிக்கொண்டிருந்தார், ஊரே மரியாதையாக 'டோன்யா' என்று அழைக்கும் எனெய்டா. திட்டு வாங்கிய கணக்கெடுப்பாளர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

அஞ்சலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அட்ஹுன்டாஸ் என்ற மலையூரின் நூலகத்தில் மூலை மேசை அவருடையது. குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்காகப் பழைய மக்கள்தொகைக் கணக்கில் வீடு வீடாகப் போய் வருகிறார். "பத்து வருஷத்துல இவளுக்கு ஆறு வயசுதான் ஏறியிருக்கு, கெட்டிக்காரி!" என்று சிரிப்பார். காபி குடிக்கும்போது மட்டும் திரைக்கு முதுகு காட்டி உட்காருவார். கணக்கில் இருக்கும் அந்தப் பழைய ஆட்களுக்குக் கொடுக்காமல் குடிப்பது மரியாதையில்லையாம்.

அன்று மிலாக்ரோஸ் தன் மகள் யாரெலிஸையும் மாப்பிள்ளை ஆகவிருந்த ஒஸ்வால்டோவையும் இழுத்து வந்திருந்தாள். அடுத்த மாதம் கல்யாணம். பையன் நியூயார்க்கில் வளர்ந்தவன். இரண்டு வீட்டுக்கும் இரிசாரி என்ற ஒரே குடும்பப் பெயர்தான்; அந்த மலையில் பாதிப் பேருக்கு அது உண்டு என்பதால் யாரும் துருவவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் தாத்தாவின் படத்தைக் காட்டியபோதுதான் மிலாக்ரோஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவள் அப்பாவின் தம்பி எலாடியோ. கப்பலேறிப் போனவர், அப்புறம் தொடர்பே இல்லை.

"ஒரே ரத்தம், டோன்யா. நான் கோயிலுக்கு வரமாட்டேன்."

"அம்மா வராம எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்றாள் யாரெலிஸ்.

1940ஆம் வருடக் கணக்கில் மிலாக்ரோஸின் தாத்தா குரூஸ் இரிசாரி வீட்டில் இரண்டு மகன்கள்: அவள் அப்பா மொன்செராத்தே, அடுத்து எலாடியோ.

"பாத்தீங்களா?"

"பொறு. வளத்த பிள்ளைய வளத்த பிள்ளைன்னு நம்ம ஊர்ல எவன் வாசல்ல நின்னு சொல்லுவான்?"

எனெய்டா பத்து வருடம் பின்னால் போனார். அதே வீட்டில் மொன்செராத்தே மட்டும்.

"சின்னவன் தூங்கியிருப்பான், விட்டுட்டாங்க!" என்றாள் மிலாக்ரோஸ்.

"அப்ப பக்கத்து வீட்டைத் தட்டுவோம்." அடுத்த வீடு டோரஸ் தம்பதியுடையது. அவர்களுக்கு ஒரே பிள்ளை, எலாடியோ, இரண்டு வயது. 1940இல் அந்த வீடே இல்லை. "நடுவுல புயல் வந்துச்சே" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவர் கோயில் எழுத்தரைத் தொலைபேசியில் பிடித்தார். ஞானஸ்நானப் பதிவை எழுத்தர் வாசிக்க, எல்லோருக்கும் கேட்டது: எலாடியோ டோரஸ், ஞானத்தகப்பன் குரூஸ் இரிசாரி. "பெத்தவங்க புயல்ல போனதும் ஞானத்தகப்பன் தூக்கி வளத்திருக்காரு" என்றார் எனெய்டா.

மிலாக்ரோஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு சிரித்து, ஒஸ்வால்டோவின் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். "பாவிப் பயலே, உன்னால நாலு நாளா எனக்குச் சோறே இறங்கல!" யாரெலிஸ் அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். ஒஸ்வால்டோ அப்போதுதான் மூச்சு விட்டான்.

மேசையில் அந்தக் குடும்பத்தின் கிளைப்படம் கிடந்தது. அதில் குரூஸின் கீழே பென்சிலால் எழுதியிருந்த தன் தாத்தா எலாடியோவின் பெயரை அழிக்க அவன் ரப்பரை எடுத்தான். எனெய்டா அதை அவன் கையிலிருந்து வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு மூடிக்கொண்டார்.