வெட்டாத நகம்

எனக்கு முடி வெட்டுகிறவர் ஒன்பது விரல் நகங்களையும் நறுக்கிவிட்டு, வலது கட்டைவிரலுக்கு வந்ததும் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அண்ணே, இதையும் எடுத்துறவா?" "வேண்டாம்ப்பா." "எதுக்குண்ணே இம்புட்டு நீளம்?" பலாச்சுளையில் கொட்டை எடுக்க என்று ஒரு முறை சொன்னேன். வீட்டுக்காரி கோபப்பட்டால் தற்காப்புக்கு என்று இன்னொரு முறை. போன மாதம், யுத்த காலத்தில் சர்க்கார் எனக்குக் கொடுத்த ஆயுதம், திருப்பிக் கேட்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்றேன். மனிதர் பாதி நம்பிவிட்டார். இப்படி வேடிக்கை பேசியே ஐம்பத்து மூன்று வயது ஓடிவிட்டது. ஒரு விஷயத்தையாவது நேராகச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. இந்த நகம் என் மச்சானுக்காக வளர்த்தது.

மச்சான் என்றால் என் அக்காள் புருஷர். அதற்கும் மேலே, மாட்டுத் தரகில் என் கூட்டாளி. இருவருக்கும் எழுமலையில்தான் வீடு. வாரம் தவறாமல் உசிலம்பட்டிச் சந்தைக்குப் போவோம். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் பக்கத்துத் தரகனும் வாங்குகிறவன் பக்கத்துத் தரகனும் கை கொடுத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். அதன் அடியில் பிடிக்கிற விரல்தான் விலை. மூன்று விரலைப் பிடித்தால் மூன்று, நாலைப் பிடித்தால் நாலு. வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நான் விற்கிறவன் பக்கம், மச்சான் வாங்குகிறவன் பக்கம். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சங்கேதம் உண்டு. மாட்டில் ஏதாவது கோளாறு இருந்து, விற்கிறவன் அதை மறைக்கிறான் என்று எனக்குத் தெரிந்தால், மச்சானின் சுண்டுவிரலில் என் கட்டைவிரல் நகத்தை அழுத்துவேன். 'வேண்டாம், விட்டுவிடு' என்று அர்த்தம். அவர் உடனே ஏதோ சாக்குச் சொல்லிக் கையை உருவிக்கொள்வார். இது என் பக்கத்து ஆளுக்குத் துரோகம் இல்லையா என்று கேட்கலாம். உழவுசாலில் படுத்துக்கொள்கிற மாட்டை, ஏர் பிடிக்கிற ஒரு சம்சாரி தலையில் கட்ட நினைக்கிறவனுக்கு அவ்வளவு துரோகம் செய்யலாம் என்பது மச்சானின் கட்சி.

அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதின் அடியில் இரண்டு விரலை வைத்தே மாட்டுக்குக் காய்ச்சல் என்பார். முரட்டுக் காளையின் திமிலில் அந்தக் கை விழுந்தால், அது ஏதோ பழைய சிநேகிதனைக் கண்டதுபோல மூச்சுவிட்டு நிற்கும். நான் அதே இடத்தில் கை வைத்தால் உதைக்கும். மாட்டுக்கும் ஆள் தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், பொங்கல் கழிந்த சந்தை. ஒரு ஜோடிக் காளை விலைக்கு வந்தது. வலத்து மாடு படுக்காளி, ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும். விற்கிறவனின் பங்காளியே என்னிடம் சொல்லிவிட்டான். துண்டு விழுந்ததும் மச்சானின் சுண்டுவிரலில் நகத்தை வைத்தேன். அவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இன்னும் அழுத்தினேன். மாசியில் ஒரு மழை பெய்தால் நல்லது என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். அவர் சிரித்த முகத்தோடு என் விரல்களைப் பற்றி, விலையை முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். துண்டு தோளுக்குப் போய்விட்டால் வியாபாரம் முடிந்தது.

ஆள் நகர்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன மச்சான், நகத்தை அந்த அமுக்கு அமுக்குறேன், கல்லு மாதிரி நிக்கிறீக?"

"எப்படா அமுக்குன?" என்றார்.

கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். சுண்டுவிரலில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அதிலிருந்து ரத்தம் உள்ளங்கைவரை வந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. பிறகு துண்டில் துடைத்துக்கொண்டு, "வா, மொதல்ல அந்த மாட்டைத் திருப்பணும்" என்றார். தோளில் போட்ட துண்டை எந்தத் தரகனும் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை. மச்சான் எடுத்தார். வாங்கிய சம்சாரியைத் தேடிப் பிடித்து, "தப்பு என் மேல. மாடு படுக்கும்ப்பா, வேண்டாம்" என்று சந்தை நடுவில் சொல்லி, விற்றவனிடம் அரை மணி நேரம் வசவு வாங்கிக்கொண்டு, மாடுகளை அவிழ்த்துக் கொடுத்தார். ஏன் தப்பியது என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

அப்போதுதான் பழையதெல்லாம் என் மண்டையில் கோவையாக வந்தது. கொதிக்கிற கஞ்சிச் சட்டியை வெறும் கையால் இறக்கிவிட்டு, கொப்புளம் வந்தபிறகு அக்காள் கேட்டதும்தான் அவர் பார்த்தது. வெற்றிலைப் பொட்டலம் விரலிடுக்கிலிருந்து அடிக்கடி நழுவியது. முழங்கைக்கு மேலே ஓட்டைக் காலணா அளவில் வெளுத்திருந்த ஒரு தேமல். வெயிலில் உடம்பெல்லாம் வேர்த்தாலும் அந்த இடம் மட்டும் வறண்டு கிடக்கும். அந்த நோயின் பெயரை எங்கள் பக்கத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. 'பெரிய வியாதி' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி.

அன்று பொழுது சாய்வதற்குள் எனக்கு அந்த வியாதி வந்துவிட்டது. கருவேல முள்ளை ஒடித்துப் பத்து விரலையும் குத்திப் பார்த்தேன். ஒன்பது வலித்தது. பத்தாவதில் சரியாகக் குத்தவில்லையோ என்று மறுபடி குத்தினேன். அது மூன்று நாள் சீழ் பிடித்துக் கிடந்தது. காது மடல் தடிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்ததால் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "என் காதைப் பாரு, எதுவும் வித்தியாசமா இருக்கா?" என்றேன். "எப்பவும் போலத்தான் இருக்கு, கழுதைக் காது" என்றாள். வேப்பிலைத் தண்ணீரில் கை கழுவினேன், சாம்பலில் கழுவினேன், கடைசியில் ரேஷனில் வாங்கி வைத்திருந்த மண்ணெண்ணெயில் கழுவினேன். வீட்டில் அன்று விளக்கு இல்லை. வெளிச்சத்துக்குப் பதிலாக அவள் வாய் எரிந்துகொண்டிருந்தது.

இதுவரை சிரிக்கலாம். மறுநாள் நடந்ததற்குச் சிரிக்க முடியாது. மச்சான் வழக்கம்போல வெற்றிலை மடித்து என்னிடம் நீட்டினார். என் கை போகவில்லை. அரை நொடிதான் இருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டார். வெற்றிலையை வண்டிச் சட்டத்தின்மேல் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் அதை எடுத்துப் போட்டு மென்றேன். அன்றைக்கு வெற்றிலை காறியதுபோல வேறு என்றைக்கும் காறியதில்லை.

டாக்டரிடம் போவோம் என்று நான் சொல்லாத விதமில்லை. "கயிறு புடிச்ச கைடா, முப்பது வருசம். மரத்துத்தான் போகும்" என்பார். பயமுறுத்தினால் சிரிப்பார். கெஞ்சினால் மாட்டைப் பற்றிப் பேசுவார். அக்காளிடம் போய் நின்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "நான் சொன்னா கோவிச்சுக்கிறாக. நீ சொன்னா சிரிக்கிறாக. அழுது பாத்துட்டேன் தம்பி, எந்திரிச்சுப் போயிர்றாக" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள். ஊதவேண்டிய அவசியம் இல்லாமல் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் அவரே வாயைத் திறந்தார். "ஆஸ்பத்திரி வாசல்ல என்னைய ஒருத்தன் பாத்தாப் போதும் மாப்ள. அடுத்த சந்தையில துண்டுக்குள்ள எவன் கை வைப்பான்?" "நீயே யோசிக்கிறியேடா" என்று சேர்த்துச் சொன்னார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்து, அவர் என் இடத்தில் இருந்தால், அந்தக் குரலில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

கடைசியாக என் மூளைக்கு எட்டிய ஒரே வழி, நானே நோயாளி ஆவது. "மச்சான், எனக்குத்தான் விரல் மரத்துப்போகுது. மதுரையில ஒரு டாக்டர் இருக்காராம், அங்க நம்மள யாருக்கும் தெரியாது. என் பல்லப் புடிச்சுப் பாக்கப் போறாக, தரகுக்கு நீங்க வாங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாரேன்" என்றார். ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, இருமி இருமி வரும். செக்கானூரணி தாண்டி ஒரு ஏற்றத்தில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளுங்கள் என்றார்கள். நான் பழக்க தோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, முதல் ஆளாகத் தோள் கொடுத்துத் தள்ளினேன். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த மச்சான், "நோயாளி கொஞ்சம் மெதுவாத் தள்ளப்பா. பஸ்ஸு டாக்டர் வீட்டுக்குள்ள போயிரப் போகுது" என்றார். ஏறி உட்கார்ந்ததும், "தெரிஞ்சுமா வந்தீக?" என்று கேட்டேன். "பின்ன? பத்து வெரலையும் குத்திக்கிட்டு, மண்ணெண்ண நாத்தத்தோட அலையிற. நான் வல்லைன்னா நீ பயத்துலயே செத்துப்போவ. உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதுரை வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். சொந்த வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்த்தார். யாருக்கு உடம்பு என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டு உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மச்சான் வாசலோடு திரும்பிவிடுவாரோ என்ற பயம். டாக்டர் ஒரு பஞ்சுத் திரியை எடுத்து, "கண்ணை மூடிக்கோங்க. தொடும்போது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். மூடினேன். "தெரியுது" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லையே" என்றார் டாக்டர்.

"இப்பத் தெரியுது."

"பஞ்சு மேஜை மேல இருக்கு."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் மச்சான் என்னைத் தோளைப் பிடித்து எழுப்பி, அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, வலது கையை மேஜையின்மேல் வைத்தார். "அது நல்ல மாடுங்கய்யா. கொஞ்சம் மெரளும், அம்புட்டுத்தான். கெட்ட சுழி இருக்கிறது இதுல. மறைக்கக் கூடாதுல்ல, பாத்துக்கங்க" என்றார். எத்தனையோ மாடுகளின் குறையை மறைக்காமல் சொன்ன அதே குரல். அவரே கண்ணை மூடிக்கொண்டார்.

பஞ்சு கட்டைவிரலைத் தொட்டது. "தெரியுதுங்க." ஆள்காட்டி விரல். "தெரியுது." நடுவிரல். "ம்." பஞ்சு சுண்டுவிரலுக்குப் போயிற்று. டாக்டர் அடியிலிருந்து நுனிவரை தடவினார், திரும்பத் தடவினார். மச்சான் கண்ணை மூடியபடி, கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"தொட்டீங்களாய்யா?"

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் இருந்தது எந்த மாதம் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

டாக்டர் அந்தக் கையைத் தன் வெறும் கையால் பிடித்துக்கொண்டே பேசினார். ஆரம்பம்தான்; விரல் இன்னும் மடங்கவில்லை. எளிதில் மற்றவருக்குத் தொற்றுகிற வகையும் இல்லை. நீரடிமுத்து எண்ணெய் ஊசி வாரம் ஒன்று, ஒரு வருஷமோ அதற்கு மேலோ. போன உணர்ச்சி திரும்புமா என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் மேலே போகாமல் நிறுத்தலாம். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா இந்தக் கையை நான் காப்பாத்தியிருக்க முடியாது" என்றார். மச்சான் தலையாட்டினார். "இவன் குத்துன குத்துக்காச்சும் வரணும்ல" என்று என்னைக் காட்டினார்.

ஊசி என்றால் சாதாரண ஊசி இல்லை. கெட்டி எண்ணெய், போட்ட இடம் கட்டிப்போகும். மூன்று நாள் வண்டியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வருவார். வாரா வாரம் அந்தக் கரி பஸ். ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

முதல் ஊசி போட்டுவிட்டு வந்த வாரமே அவர் செய்த காரியம் எனக்கு இன்றும் மலைப்பு. சந்தையில் நாலு பேர் கூடியிருந்தபோது துண்டை எடுத்து என் தோளில் போட்டார். "எனக்குக் கையில வியாதி. ஊசி போடுறேன். ஒட்டாதுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனாலும் மனசு வராதவுக கை குடுக்க வேண்டாம், வாயால வெலை சொல்லுங்க, நானும் வாயால சொல்றேன்" என்றார். எதற்குப் பயந்து இத்தனை நாள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருந்தாரோ, அதைத் தானே அவிழ்த்துவிட்டார். சந்தை ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. இரண்டு மாதம் எங்கள் பக்கம் மாடு வரவில்லை. நான் மறுபடி பயந்து செத்தேன். அவர் புளியமரத்தடியில் நின்றபடி வெற்றிலை மடித்தார். மடித்து என்னிடம் நீட்டினார். நான் கையிலிருந்தே வாங்கினேன். அதற்கு என்னைப் பாராட்டவேண்டியதில்லை. ஒரு தடவை அரை நொடி தாமதித்தவன், ஆயுசுக்கும் வேகமாகத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாம் மாதம் ஒரு சம்சாரி கன்றை இழுத்துக்கொண்டு வந்தார். படுக்காளி மாட்டிலிருந்து தப்பியவர்தான். என் தோளிலிருந்து துண்டை உருவி, மச்சான் கைமேல் போட்டு, அடியில் தன் கையை விட்டார். "வாயால சொன்னாப் போதும்ப்பா" என்றார் மச்சான். "அண்ணே, சும்மா கையக் குடுங்க. ஊருக்கெல்லாம் எதுக்கு என் கன்னுக்குட்டி வெலை தெரியணும்?" என்றார் அவர். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

ஊசி தொடங்கி ஒன்றரை வருஷம் இருக்கும். மழைக்கு முந்தின சந்தை, நல்ல கூட்டம். துண்டுக்கு அடியில் நானும் அவரும். கறவை மாடு ஒன்று. மடியில் ஒரு காம்பு அடைப்பு. மற்ற விரலில்தான் இப்போதெல்லாம் சங்கேதம். ஆனால் கைக்குப் பழைய புத்தி. நகம் தானாகச் சுண்டுவிரலுக்குப் போய் அழுத்திவிட்டது.

"ஆ!" என்று கத்தினார் மச்சான்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். "வலிக்குதுடா! மாப்ள, வலிக்குதுடா!" என்று துண்டைத் தூக்கி எறிந்து, அந்த விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் பல வருஷத்து ரகசியம் ஒரு நொடியில் சந்தி சிரித்தது. மாட்டுக்காரன், "அப்ப இம்புட்டு நாளும் கிள்ளியா வெலை பேசுனீக?" என்று சண்டைக்கு வந்தான். நான் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவன் பயந்துபோய் என்னைத் தேற்றினான்.

மச்சான் போய் நாலு வருஷமாகிறது. நெஞ்சுச் சளி கொண்டுபோயிற்று; அந்த வியாதி இல்லை. கடைசிவரை பத்து விரலும் நீட்டி மடக்கினார். நானும் தொழிலை விட்டாயிற்று. நகத்துக்கு இனி வேலை இல்லை. நேற்றும் முடி வெட்டுகிறவரின் கத்தி கட்டைவிரலின்மேல் வந்து நின்றது. "அண்ணே, எடுத்துறவா?" நான் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து லேசாக ஒரு அழுத்து அழுத்தினேன்.

"ஆ! வலிக்குதுண்ணே" என்றார்.

"நல்லதுப்பா" என்றேன். "அந்த நகம் இருக்கட்டும், நீ முடியப் பாரு."