ஆபரேஷன் செய்தது யார்?

இன்று சபாக் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கேசட் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்து சீட்டிலிருந்த எஸ்டேட் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன மாதம் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தது நான்தான்.

"இன்னும் படிக்கிறீங்களாமே டாக்டரம்மா?"

"ஆமாங்க. சர்ஜன் ஆகப் பரீட்சை பாஸானா மட்டும் போதாது. பெரிய டாக்டர் பக்கத்துல நின்னு பார்த்து, 'இவ தனியா செய்வா'ன்னு சொல்லணும்."

"சொல்லிட்டாரா?"

"இன்னும் இல்லை."

அந்த அம்மாவின் கை வயிற்றுக்குப் போனது.

"அப்ப எனக்குச் செஞ்சது?"

"கை என்னோடது. பொறுப்பு அவரோடது."

"அய்யோ, பெரிய டாக்டர்தான் செஞ்சாருன்னு கோயில்ல அவரு பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டேன்லா!"

இறங்கும்போது, "உங்களுக்கும் பண்ணிடறேன், நட்சத்திரம் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். அதற்காவது எனக்குத் தகுதி வந்துவிட்டதா என்றுதான் புரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.